ஆறு இந்திய கிளியரிங் நிறுவனங்களுக்கு எஸ்மா போட்ட பூட்டு: நஷ்டம் யாருக்கு?

கேள்வி, 4 டிசம்பர் 2023

"டிசம்பர் 1 அன்று பாங்க் ஆஃப் இங்கிலாந்தும் நம் ரிசர்வ் வங்கியும் சிசிஐஎல் (பத்திரம், நாணய வியாபாரங்களில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று கணக்குத் தீர்க்கும் மும்பை கிளியரிங் நிறுவனம்) விஷயத்தில் ஒப்பந்தம் போட்டுவிட்டன. லண்டன் இறங்கி வந்தாயிற்று. அடுத்து பாரிஸும் வரும். வெளிநாட்டு ஆய்வாளரை மும்பைக்குள் விடமாட்டோம் என்று நின்றதால் இந்தியாவுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நிதித் தன்னாட்சி என்றால் இதுதான். மறுப்பவர் உண்டா?"

5 டிசம்பர் 2023

பாதியை மறுக்கிறேன். அதற்கு முன் வரிசையைச் சரியாக வைத்துக்கொள்வோம். இந்த விவகாரத்தில் பாதிச் சண்டை தேதி தெரியாமல் நடக்கிறது.

2016 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் இந்திய கிளியரிங் சட்டங்கள் தங்கள் சட்டத்துக்கு நிகரானவை என்று முடிவெடுத்தது. அதைக் கொண்டு 2017-ல் சிசிஐஎல்லுக்கு எஸ்மா அங்கீகாரம் கொடுத்தது. எஸ்மா என்பது பாரிஸில் இருக்கும் ஐரோப்பிய பங்குச் சந்தை ஆணையம். 2020 ஜனவரி 1 முதல் எமிர் என்ற ஐரோப்பிய கிளியரிங் சட்டத்துக்கு எமிர் 2.2 என்ற திருத்தம் அமலுக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள கிளியரிங் அமைப்புகளை எஸ்மா தானே கண்காணிக்கலாம், அதற்கு உள்ளூர் ஒழுங்குமுறை அமைப்போடு புது ஒத்துழைப்பு ஏற்பாடு வேண்டும் என்றது அது. இந்தியாவோடு அந்த ஏற்பாடு கூடிவரவில்லை. 2022 அக்டோபர் 31 அன்று எஸ்மா ஆறு அங்கீகாரங்களை ரத்து செய்வதாக அறிவித்தது. 2023 ஏப்ரல் 30 முதல் அமல்.

ஆறும் எவை? சிசிஐஎல் ரிசர்வ் வங்கியின் கீழ். என்எஸ்இ கிளியரிங், பிஎஸ்இயின் இந்தியன் கிளியரிங் கார்ப்பரேஷன், எம்சிஎக்ஸ் கிளியரிங் மூன்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் கீழ். குஜராத்தின் சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியில் உள்ள இரண்டும் அதன் ஒழுங்குமுறை அமைப்பான ஐஎஃப்எஸ்சிஏவின் கீழ். எல்லோரும் சிசிஐஎல் என்றே பேசுவதற்குக் காரணம் உண்டு: அரசுக் கடன் பத்திரம், டாலர்-ரூபாய், வட்டி ஸ்வாப் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் இருவர் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தியச் சட்டம் மட்டம் என்று ஐரோப்பா எங்கும் சொல்லவில்லை. நிகர் என்ற 2016 முடிவு அப்படியே இருக்கிறது. இல்லாமல் போனது கையெழுத்து ஒன்றுதான்.

5 டிசம்பர் 2023, இரவு

கிளியரிங் அமைப்பு என்ன செய்கிறது என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக.

நீங்கள் எனக்கு நூறு கோடிக்குப் பத்திரம் விற்கிறீர்கள். வியாபாரம் முடிந்ததும் சிசிஐஎல் நடுவில் புகுந்துகொள்கிறது. எனக்கு விற்பவர் அது, உங்களிடம் வாங்குபவரும் அதுவே. நாள் முடிவில் எல்லா வியாபாரத்தையும் கூட்டிக் கழித்து நிகரத் தொகை மட்டும் மறுநாள் கைமாறும். நான் திவாலானால் உங்கள் பணம் போகாது.

அப்படியானால் எந்தப் பணம் போகும்? வரிசை இப்படி: முதலில் தவறியவர் கட்டியிருந்த மார்ஜின், அதாவது பிணைப் பணம். பிறகு டிஃபால்ட் ஃபண்டில், அதாவது எல்லா உறுப்பினரும் சேர்ந்து போட்டு வைத்த பொதுப் பணத்தில், அவர் பங்கு. பிறகு சிசிஐஎல் தன் கையிலிருந்து ஒதுக்கியது. அதுவும் போதாவிட்டால், தவறாத மற்ற உறுப்பினர்கள் போட்டு வைத்த டிஃபால்ட் ஃபண்ட். சீட்டு எடுத்தவன் ஓடிவிட்டால் மிச்சப் பேர் தலையில் விழுவது போலத்தான். என்ன, யார் தலையில் எவ்வளவு, எந்த வரிசையில் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

கடைசிப் படியில் ஐரோப்பிய வங்கிகளின் பணமும் இருக்கிறது. எஸ்மாவின் அக்கறை அங்கிருந்து தொடங்குகிறது. அதை வெறும் காலனியாதிக்கப் புத்தி என்று தள்ளிவிட முடியாது.

அந்தக் கடைசிப் படியை எட்டும் நாளில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் உரிமை யாருக்கு? தன்னாட்சி என்று எதையாவது சொல்வதானால் அதைத்தான் சொல்வேன். சர்வர் எந்த ஊரில், பங்குதாரர் யார் என்பதெல்லாம் அடுத்தபடி.

7 டிசம்பர் 2023

"வெளிநாட்டு ஆய்வாளர் மும்பைக்குள்" என்ற வாக்கியம் மூன்று பேர் கையில் சுற்றிவிட்டது. சட்டம் அவ்வளவு எளிமையாக இல்லை.

எமிர் 2.2 வெளிநாட்டு கிளியரிங் அமைப்புகளை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறது. ஐரோப்பாவின் நிதி நிலைத்தன்மைக்கே முக்கியமானவை இரண்டாம் அடுக்கு. லண்டனின் கிளியரிங் நிறுவனமான எல்சிஎச் அப்படி. மற்றவை முதல் அடுக்கு. நேரில் போய் ஆய்வு செய்யும் அதிகாரம் இரண்டாம் அடுக்குக்கு எழுதப்பட்டது. முதல் அடுக்கில் எஸ்மா கேட்பது தகவல், முன்னறிவிப்பு, ஆண்டுக் கட்டணம். ஐரோப்பாவின் கண்ணில் சிசிஐஎல் இரண்டாம் அடுக்குக்கு வரக்கூடிய அளவே இல்லை.

அப்படியானால் ரிசர்வ் வங்கிக்கு என்ன உறுத்தல்? இரண்டு. தகவலை எஸ்மா நேராக சிசிஐஎல்லிடமே கேட்கலாம், தராவிட்டால் அபராதம் வரை போகலாம் என்ற சட்டக் கட்டமைப்பு. அடுத்து, அடுக்கை முடிவு செய்வதும் மாற்றுவதும் எஸ்மா. குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை உண்டு. இன்று தகவல் மட்டும் என்று கையெழுத்திட்டால், நாளை அடுக்கு மாறும்போது பேரம் பேசும் இடம் குறையும்.

அரசுப் பத்திரச் சந்தை முழுக்க ஒரே நிறுவனத்தின் வழியாக ஓடும் நாட்டில் இந்தத் தயக்கம் நியாயம். ஆனால் "ஆய்வாளரை விரட்டினோம்" என்ற வீர வசனத்துக்கு இதில் இடமில்லை.

லண்டனோடு போட்ட ஒப்பந்தத்தை இதோடு வைத்துப் படியுங்கள். ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையை பாங்க் ஆஃப் இங்கிலாந்து நம்பி எடுத்துக்கொள்ளும், தன் நாட்டு நிதி நிலைத்தன்மையைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு ஏற்பாடுகள் இருக்கும். அதாவது உள்ளூர் மேற்பார்வையாளரை நம்பும் மாதிரி. எமிரும் முதல் அடுக்கில் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆகவே லண்டன் "இறங்கி" வரவில்லை. வேறு வாசகத்தில் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நின்றது.

10 டிசம்பர் 2023

"ஒரு பைசா நஷ்டமில்லை" என்பதற்கு வருவோம்.

வங்கி எவ்வளவு மூலதனம் வைக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேச பாசல் விதிப்படி, தகுதி பெற்ற கிளியரிங் அமைப்பிடம் வங்கிக்கு உள்ள வியாபார நிலுவைக்கு இடர் எடை 2 சதவீதம். எஸ்மா அங்கீகாரத்தோடு அந்தத் தகுதியும் போனால் சாதாரண நிறுவனத்துக்குக் கொடுக்கும் எடை. உதாரணத்துக்கு 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலுவை 1,000 கோடி என்றால்:

2 சதவீதத்தில் இடர் எடையிட்ட சொத்து 20 கோடி. அதில் 8 சதவீதம் மூலதனம், 1.6 கோடி.

100 சதவீதத்தில் 1,000 கோடி. மூலதனம் 80 கோடி. ஐம்பது மடங்கு.

டிஃபால்ட் ஃபண்டுக்குத் தனிக் கணக்கு. தகுதியில்லாத அமைப்பில் போட்ட பங்குக்கு எடை 1,250 சதவீதம். 10 கோடி போட்டிருந்தால் 125 கோடி சொத்தாக எண்ணி, 8 சதவீதம் எடுத்தால் மூலதனம் 10 கோடி. போட்ட பணம் முழுவதும் போய்விட்டதாகவே கணக்கு.

இதைக் கட்டுவது ஐரோப்பிய வங்கிதானே என்பீர்கள். கட்டிவிட்டு சும்மா இருக்காது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஏற்றும், அல்லது விலை சொல்வதையே நிறுத்தும். இந்திய வட்டி ஸ்வாப் சந்தையில் விலை சொல்பவர்களில் வெளிநாட்டு வங்கிகளின் கை பெரிது. அவர்களில் நான்கைந்து பேர் நகர்ந்தாலே இடைவெளி அகலும். ஹெட்ஜ் செய்ய, அதாவது வட்டி ஏற்ற இறக்கத்திலிருந்து காப்புத் தேட வரும் இந்தியக் கம்பெனி அதைக் கட்டும்.

10 டிசம்பர் 2023, சற்று நேரம் கழித்து

மேலே உள்ள கணக்கு பாதிக் கதைதான். மூலதனம் கூடுவதைவிடக் கடுமையான விதி ஒன்று எமிரிலேயே இருக்கிறது: அங்கீகாரமில்லாத வெளிநாட்டு கிளியரிங் அமைப்பு, ஐரோப்பாவில் நிறுவப்பட்ட உறுப்பினருக்குச் சேவை தரவே கூடாது. அதிக மூலதனம் வைத்துக்கொண்டு ஓட்டிவிடுகிறேன் என்று வங்கி சொல்ல முடியாது. அது தடை.

அதனால்தான் 2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் பாஃபின், பிரான்சின் ஏஎம்எஃப் என்ற இரண்டு நிதி ஒழுங்குமுறை அமைப்புகளும் தங்கள் வங்கிகளுக்கு ஏப்ரல் 30-லிருந்து 18 மாத அவகாசம் தந்தன. 2024 அக்டோபர் 31 வரை. எஸ்மா பூட்டியது, இவை சாவியைச் சற்று நேரம் தங்களிடம் வைத்துக்கொண்டன. ஐரோப்பா ஒரே குரல் என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்கலாம். டாய்ச்ச வங்கியும் பிஎன்பி பரிபாவும் சொசியெத்தே ஜெனராலும் கிரெதி அக்ரிகோலும் இந்தியாவில் கடை வைத்திருக்கின்றன. அவற்றின் தலைமையகம் எந்த இரண்டு நாட்டில் என்று சொல்லத் தேவையில்லை.

14 டிசம்பர் 2023

> இந்தியாவில் உள்ள கிளை இந்தியச் சட்டத்துக்குத்தானே கட்டுப்பட்டது? ஐரோப்பாவில் நிறுவப்பட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கிளைக்குத் தனி உடல் கிடையாது. மும்பைக் கிளை போடும் ஒப்பந்தம் சட்டப்படி ஃப்ராங்ஃபர்ட்டோ பாரிஸோ போடும் ஒப்பந்தம். துணை நிறுவனமாக இருந்தால் அது இந்தியக் கம்பெனி. இந்தத் தடை அதன்மேல் நேராகப் பாயாது.

2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வங்கிகளை முழு உடைமைத் துணை நிறுவனமாக மாறச் சொல்லி விதி வகுத்தது. குறைந்தபட்ச மூலதனம் 500 கோடி ரூபாய். 2008 நெருக்கடியில் தாய் வங்கி கவிழ்ந்தால் கிளையின் பணமும் சேர்ந்து போகும் என்ற பாடத்தில் பிறந்த விதி. மொரிஷியஸின் எஸ்பிஎம், சிங்கப்பூரின் டிபிஎஸ் தவிர யாரும் வரவில்லை. கிளையாக இருந்தால் தாய் வங்கியின் முழு மூலதனத்தைக் காட்டிப் பெரிய வியாபாரம் செய்யலாம். துணை நிறுவனத்துக்கு அதன் சொந்த மூலதனம்தான் எல்லை.

அன்று அந்த வசதிக்காக மறுத்தவர்களை இன்று அதே கிளை வடிவம் கட்டிப்போட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கியில் யாராவது இதை நினைத்துச் சிரித்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒரே இரவில் மாறவும் முடியாது. உரிமம், மூலதனம், வாடிக்கையாளர் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுதுதல், ஐஎஸ்டிஏ உடன்படிக்கைகள் (ஸ்வாப் போன்றவற்றுக்கான பொது மாதிரி ஒப்பந்தங்கள்), புதிய நிறுவனத்துக்கு எதிர்த்தரப்புகள் வைக்கும் கடன் வரம்பு. கடைசியில் சொன்னதுதான் அதிகம் சிக்கும். தாய் வங்கிக்கு 500 கோடி வரம்பு வைத்திருந்த உள்ளூர் வங்கி, புதுத் துணை நிறுவனத்துக்கு 100 கோடிதான் தருவேன் என்று சொல்லும்.

3 ஜனவரி 2024

பிரிவு வாரியாக எது மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

அரசுப் பத்திரம்: என்டிஎஸ்-ஓஎம் என்ற மின்னணு வியாபாரத் திரையில் யார் எதிரில் இருக்கிறார் என்று தெரியாமல் வியாபாரம் நடக்கிறது. சிசிஐஎல் நடுவில் நிற்பதால்தான் அது முடிகிறது. நேரடி உறுப்பினராக இருக்க முடியாவிட்டால் வேறொரு வங்கியின் கீழ் வாடிக்கையாளராகப் போக வேண்டும். போட்டியாளருக்கு உங்கள் கையிருப்பும் உங்கள் ஆர்டரும் தெரிந்துவிடும். பிரைமரி டீலராக, அதாவது அரசுப் பத்திர ஏலங்களில் வாங்கி விற்கும் பொறுப்பு ஏற்றவராக இருப்பவருக்கு இது தற்கொலை.

ட்ரெப்ஸ்: 2018 நவம்பரில் சிபிஎல்ஓ என்ற பழைய முறைக்குப் பதிலாக வந்த மூன்றுதரப்பு ரெப்போ, அதாவது அரசுப் பத்திரத்தை அடகு வைத்து வாங்கும் கடன். ஒருநாள் கடனுக்கு முக்கியமான இடம். இதற்கு இருதரப்பு நகல் கிடையாது. வங்கிகள் தங்களுக்குள் ஒருநாள் கடன் கொடுக்கும் 'கால் மணி' (call money) சந்தைக்குப் போகலாம், ஆனால் அது அடகில்லாக் கடன், வரம்பு உண்டு, மியூச்சுவல் ஃபண்டுகள் அங்கே இல்லை. மலிவான பணம் மியூச்சுவல் ஃபண்டுகளிடம் இருக்கிறது.

டாலர்-ரூபாய்: இருதரப்பாகச் செய்யலாம். ரூபாய் ஆர்டிஜிஎஸ்ஸில் போகும், டாலர் நியூயார்க் நோஸ்ட்ரோவில் (நம் வங்கி அங்குள்ள வங்கியில் வைத்திருக்கும் டாலர் கணக்கில்) வரும். மும்பைக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிரில் பத்தரை. நீங்கள் ரூபாயைக் கொடுத்துவிட்டீர்கள், டாலர் வரும் முன் எதிராளி விழுந்தால்? 1974 ஜூன் 26 அன்று ஹெர்ஸ்டாட் வங்கியில் இதுதான் நடந்தது: மார்க் வாங்கிக்கொண்ட பிறகு, டாலர் கொடுக்கும் முன் மூடினார்கள். உலக அளவில் இதற்குத் தீர்வு, இரு நாணயத்தையும் ஒரே நேரத்தில் கைமாற்றும் சிஎல்எஸ் அமைப்பு. அதன் 18 நாணயங்களில் ரூபாய் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பது சிசிஐஎல். நிகரக் கழிவு போனால் அனுப்ப வேண்டிய தொகையும் பல மடங்காகும், அதற்கேற்ப பகல்நேர ரொக்கமும் வேண்டும்.

வட்டி ஸ்வாப்: இருதரப்பாகச் செய்யச் சட்டத்தில் தடை இல்லை. 2020-ல் இருதரப்பு நெட்டிங் (நிகரக் கழிவு) சட்டம் வந்ததால் நிகரத் தொகைக்கு மூலதனம் கணக்கிடலாம். அதற்கு முன் மொத்தத் தொகைக்குக் கணக்கிட வேண்டியிருந்தது. 2022 ஜூனில் வேரியேஷன் மார்ஜின் (விலை மாற்றத்துக்கேற்பக் கட்டும் பிணை) விதி வந்தது. ஆக, இருப்பதில் எளிதாக வெளியே எடுக்கக்கூடியது இதுதான். அதுவே அபாயமும்.

3 ஜனவரி 2024, தொடர்ச்சி

ஏன் அபாயம்? ரூபாய் ஸ்வாப் வெளியேறினால் எங்கே போகும்? லண்டனுக்கு.

மைபாரை (மும்பை வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கும் கடனின் வட்டி) அடிப்படையாக வைத்து, டாலரில் தீர்க்கும் ரூபாய் ஓஐஎஸ்ஸை (ஒருநாள் வட்டியை வைத்துப் போடும் ஸ்வாப்) எல்சிஎச் ஏற்கெனவே கிளியர் செய்கிறது. எல்சிஎச்சுக்கு எஸ்மா அங்கீகாரம் உண்டு. ஆக, ஐரோப்பிய வங்கிக்கு ரூபாய் வட்டியில் பந்தயம் கட்ட மும்பை மூடியிருக்கிறது, லண்டன் திறந்திருக்கிறது. வெளியூர்ச் சந்தையை உள்ளே இழுப்பதற்காக ரிசர்வ் வங்கி 2022 பிப்ரவரியில்தான் இந்திய வங்கிகள் வெளிநாட்டவரோடு அந்நியச் செலாவணியில் தீர்க்கும் ஓஐஎஸ் செய்ய அனுமதி தந்தது. ஒரு கையால் இழுத்ததை இன்னொரு கை தள்ளுகிறது.

ரூபாயின் வட்டி விகிதத்தை எந்த ஊரில் கண்டுபிடிக்கிறார்கள் என்பது தன்னாட்சிக் கேள்வி இல்லையென்றால் வேறெது?

9 பிப்ரவரி 2024

லண்டன் என்றதும் ஐரோப்பாவின் சொந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவிடம் பிடிவாதம் பிடிப்பவர்கள் வீட்டிலேயே அதே தலைவலி.

யூரோ வட்டி ஸ்வாப்பில் சுமார் 90 சதவீதம் எல்சிஎச்சில், அதாவது யூரோ புழங்காத ஊரில் கிளியர் ஆகிறது. 2011-ல் ஐரோப்பிய மத்திய வங்கி, யூரோவில் பெரிய அளவில் கிளியர் செய்பவர்கள் யூரோ நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது. பிரிட்டன் வழக்குப் போட்டது. 2015 மார்ச் 4 அன்று ஐரோப்பிய பொது நீதிமன்றம், கிளியரிங் அமைப்புகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உனக்கில்லை என்று மத்திய வங்கியிடம் சொல்லிவிட்டது. மத்திய வங்கி தன் மூல விதியையே திருத்தக் கேட்டு 2017-ல் மனு கொடுத்து, 2019-ல் தானே திரும்பப் பெற்றது.

பிரெக்சிட்டுக்குப் பிறகும் லண்டனுக்குத் தற்காலிக நிகர் அந்தஸ்து நீள்கிறது. இந்தக் குறிப்பை எழுதும்போது கெடு 2025 ஜூன் 30. காரணம் எளிது. எல்லா நாணய ஸ்வாப்பும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றின் மார்ஜினை மற்றொன்றில் கழிக்கலாம். யூரோவை மட்டும் ஃப்ராங்ஃபர்ட்டின் கிளியரிங் அமைப்பான யூரெக்ஸுக்கு நகர்த்தினால் அந்தக் கழிவு போய்விடும், மார்ஜின் கூடும். நகர்த்து என்று உத்தரவிட்டால் ஐரோப்பிய வங்கிகளுக்குத்தான் முதல் அடி, அமெரிக்க வங்கிகள் லண்டனிலேயே இருந்துவிடும்.

நேற்று முன்தினம் எமிர் 3-க்கு அரசியல் உடன்பாடு வந்தது. யூரோ, போலந்து ஸ்லோட்டி ஸ்வாப்களுக்கும் யூரோ குறுகியகால வட்டி ஒப்பந்தங்களுக்கும் ஐரோப்பாவுக்குள் "இயங்கும் கணக்கு" ஒன்று வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற எண்ணிக்கையை எழுதாமல் விட்டுவிட்டார்கள். நகராதே, ஆனால் நகரத் தெரிந்து வைத்துக்கொள் என்கிறது சட்டம்.

லண்டனுக்குக் காட்டிய பொறுமையை மும்பைக்கு ஏன் காட்டவில்லை? லண்டனை இழந்தால் ஐரோப்பாவுக்கு வலிக்கும், மும்பையை இழந்தால் வலிக்காது. இதை எந்தச் சட்டப் பிரிவும் சொல்லாது.

11 பிப்ரவரி 2024

> ஸ்விஃப்ட்டுக்கு மாற்று கட்டினால் எல்லாம் தீர்ந்தது. இதெல்லாம் சுற்றி வளைப்பு.

ஸ்விஃப்ட் உலக வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்புகிறது, பணம் அனுப்புவதில்லை. இந்தியாவுக்குள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் செய்திகள் 2001-ல் தொடங்கிய எஸ்எஃப்எம்எஸ் என்ற சொந்த அமைப்பில் ஓடுகின்றன. உள்ளூரில் அந்த மாற்று எப்போதோ கட்டியாயிற்று.

எல்லை தாண்டினால்? சிசிஐஎல்லின் டாலர்-ரூபாய் தீர்வையே எடுங்கள். ரூபாய்ப் பக்கம் ரிசர்வ் வங்கிப் புத்தகத்தில். டாலர்ப் பக்கம் நியூயார்க்கில் ஒரு வங்கிக் கணக்கில். செய்தியைப் புறா காலில் கட்டி அனுப்பினாலும் டாலர் அங்கேதான் கைமாறும். 2014-ல் பிஎன்பி பரிபா சூடான், ஈரான், கியூபா விவகாரத்தில் அமெரிக்காவுக்குக் கட்டிய கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதத்துக்கு ஸ்விஃப்ட்டோடு சம்பந்தமில்லை. டாலர் நியூயார்க் வழியாகப் போனது, அதுதான் பிடி.

ஐரோப்பாவே இன்ஸ்டெக்ஸ் என்று ஒன்று கட்டிப் பார்த்தது. ஈரானோடு வியாபாரம் செய்ய 2019 ஜனவரியில் பாரிஸில் தொடங்கி, 2020 மார்ச்சில் முதல் பரிவர்த்தனை முடித்து, 2023-ல் மூடினார்கள். குழாய் நன்றாகத்தான் இருந்தது. அதில் தண்ணீர் விட யாரும் முன்வரவில்லை, ஏனென்றால் பயன்படுத்தும் கம்பெனிக்கு அமெரிக்காவிலும் கடை இருக்கும்.

12 பிப்ரவரி 2024

கொழும்பிலும் மொரிஷியஸிலும் இன்று யுபிஐ தொடங்கியதை மூன்று பேர் இங்கே ஒட்டிவிட்டார்கள். நல்ல விஷயம். சுற்றுலா வந்தவர் கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்யலாம். இழையின் பொருளுக்கும் அதற்கும் தூரம்.

16 பிப்ரவரி 2024

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர் கேட்டது அதைவிடப் பொருத்தம்: ஆசிய கிளியரிங் யூனியன் இருக்கிறதே, அது பிராந்தியத் தன்னாட்சி இல்லையா?

இருந்தது, இருக்கிறது. 1974 டிசம்பரில் உருவானது. தலைமையகம் டெஹ்ரான். இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, மியான்மர், ஈரான் உறுப்பினர்கள். உறுப்பு நாடுகளின் வியாபாரத்தை மத்திய வங்கிகள் தங்களுக்குள் பதிந்துகொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிகரத்தை மட்டும் தீர்க்கும். ஒவ்வொரு இறக்குமதிக்கும் டாலர் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் பணம் வர வேண்டிய இடத்தில் இந்தியா இருக்கும்.

இரண்டு முறை சோதிக்கப்பட்டது. 2010 டிசம்பரில் ஈரான் எண்ணெய்ப் பணம் இதன் வழியாகப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே நிறுத்தியது. நிகரத் தீர்வில் எந்தப் பணம் எதற்கு என்று பிரித்துக் காட்ட முடியாது, தடைக்கு உள்ளான வியாபாரம் கலந்திருந்தால் முழுத் தொகைக்கும் ஆபத்து. பிறகு 2012-ல் யூகோ வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்து ஈரானோடு வேறு வழி பார்த்தார்கள்.

இரண்டாவது 2022, இலங்கை. அந்நியச் செலாவணி காலி. யூனியனில் கட்ட வேண்டிய 50 கோடி டாலருக்கும் மேலான தொகையை இந்தியா தள்ளிவைக்க ஒப்புக்கொண்டது. சார்க் ஸ்வாப் (நாணய மாற்றுக் கடன்) 40 கோடி டாலர் தனி. அந்த அக்டோபரில் யூனியன் வழிப் பரிவர்த்தனையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது இலங்கை மத்திய வங்கி.

5 டிசம்பர் இரவுக் குறிப்பில் எழுதிய வரிசையை இதில் தேடிப் பாருங்கள். மார்ஜின் கிடையாது. டிஃபால்ட் ஃபண்ட் கிடையாது. நிகரக் கழிவு மட்டும் உண்டு. ஒருவர் தவறியதும் பேச்சு கிளியரிங் அறையிலிருந்து வெளியுறவு அமைச்சகத்துக்குப் போய்விட்டது. அன்று டெல்லிக்குக் கொடுக்க மனம் இருந்தது, கொழும்புக்கு நல்லதாயிற்று. மனம் இல்லாத அண்டை வீட்டுக்காரராக இருந்தால்? பிராந்தியம் என்று ஒன்று சேர்ந்தாலும் அதற்குள் கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் இருவரும் இருப்பார்கள். கடன் வாங்கியவருக்கு, முன்கூட்டி எழுதிய விதிதான் பாதுகாப்பு.

ரூபாயில் நேரடி வியாபாரத்துக்கு ரிசர்வ் வங்கியின் 2022 ஜூலை 11 சுற்றறிக்கை வழி செய்தது. அதிலும் இதே ஏற்றத்தாழ்வு. ரஷ்யா எண்ணெய் விற்றது, பதிலுக்கு இந்தியாவிடம் வாங்க அவ்வளவு இல்லை. ரூபாய் தேங்கியது. 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் அதை வெளிப்படையாகவே சொன்னார்.

3 ஜூன் 2024

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். யூரோகிளியர் பற்றிக் கேட்டு எழுப்பிவிட்டார்கள்.

ரஷ்ய மத்திய வங்கியின் சொத்தில் சுமார் 190 பில்லியன் யூரோ பெல்ஜியத்தின் பத்திரக் காப்பகமான யூரோகிளியரில் முடங்கியிருக்கிறது. பத்திரங்கள் முதிர்ந்து ரொக்கமாகின்றன, அந்த ரொக்கம் வட்டி ஈட்டுகிறது. அந்த எதிர்பாராத லாபத்தை உக்ரைனுக்குத் தர மே 21 அன்று ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் முடிவெடுத்தது. அசல் இன்னும் தொடப்படவில்லை.

பலரும் கவனிக்காத இன்னொரு பக்கம்: ரஷ்ய அரசுப் பத்திரங்களை 2013 முதல் யூரோகிளியர் வழியாக வெளிநாட்டவர் வாங்க முடிந்தது. பணம் கொட்டியது. 2022-ல் இணைப்பு அறுந்தபோது இரு பக்கமும் சிக்கிக்கொண்டன. மாஸ்கோவில் யூரோகிளியரின் கணக்கு முடங்கியது, பிரஸ்ஸல்ஸில் ரஷ்ய டெபாசிட்டரியின் கணக்கு முடங்கியது. தடையோடு சம்பந்தமே இல்லாத சில்லறை முதலீட்டாளர்களும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தியா இந்த இணைப்பைப் பல ஆண்டு பேசிவிட்டுச் செய்யவில்லை. மூலதன ஆதாய வரி விலக்கு கேட்டார்கள், அரசு தரவில்லை. இணைப்பு இல்லாமல் வளரும் நாடுகளின் பத்திரங்களுக்கான ஜேபி மோர்கன் குறியீட்டில் இடமில்லை என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். இந்த மாதம் 28 முதல் இந்தியப் பத்திரங்கள் அந்தக் குறியீட்டில் சேருகின்றன. மாதம் 1 சதவீதமாக ஏறி 10 சதவீதம் வரை. வெளிநாட்டவர் செபியில் பதிந்து, இங்கே கஸ்டோடியன் (பத்திரங்களைக் காத்து வைக்கும் வங்கி) வைத்து, சிசிஐஎல் வழியாகத்தான் தீர்க்க வேண்டும். பத்திரம் ரிசர்வ் வங்கியின் புத்தகத்தை விட்டு நகராது.

இழையின் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு இதை ஒரு வெற்றியாகவே கொடுத்துவிடலாம். ஆனால் கவனியுங்கள், அந்தப் பணத்துக்குக் கஸ்டோடியனாக இருப்பவர்களில் ஐரோப்பிய வங்கிகளும் உண்டு. அக்டோபர் கெடு அவர்கள் தலைமேல் தொங்குகிறது. குறியீட்டில் சேரும் மாதங்களும் அவகாசம் முடியும் மாதமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

4 ஜூன் 2024

தங்கம் பற்றி ஒரு வரி, கேட்டதால். மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கியிடம் 822.10 டன். உள்நாட்டில் 408.31. பாங்க் ஆஃப் இங்கிலாந்திலும் பாசல் நகரில் உள்ள, மத்திய வங்கிகளின் வங்கியான பிஐஎஸ்ஸிலும் 387.26. மீதி தங்க டெபாசிட். லண்டனிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறார்கள். இதைத் தன்னாட்சியின் வெற்றி விழாவாக்க வேண்டாம். விற்கவோ அடகு வைக்கவோ வேண்டிய நாளில் தங்கம் லண்டனில் இருப்பது வசதி. கொண்டுவந்தது காப்பு, அங்கே விட்டது ரொக்கம்.

19 ஜூலை 2024

கடைசிக் கேள்வி நடைமுறைக்காரரிடமிருந்து: அக்டோபர் 31-க்குப் பிறகும் முதிராத பழைய ஸ்வாப்களை என்ன செய்வது?

மூன்று வழி. எதிர்த்திசையில் புது ஸ்வாப் போட்டு நிகர நிலையைச் சுழியமாக்கி, சிசிஐஎல்லின் சுருக்கும் சுற்றுகளில் ஒப்பந்தங்களையே அழிப்பது. வேறொரு உறுப்பினருக்கு மொத்தமாக மாற்றிவிடுவது. சிசிஐஎல்லிலிருந்து எடுத்து இருதரப்பாக்குவது.

முதல் வழிதான் சுத்தம், ஆனால் அழிக்கப் பொருந்தும் ஜோடி வேண்டும். முதிர்வுத் தேதி ஒரு நாள் தள்ளியிருந்தால் எல்லாம் ஒட்டாது. ஆறு மாதம் முன்பே புது வியாபாரத்தின் தேதிகளைப் பழையவற்றோடு ஒட்டப் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு இப்போது சின்னக் குவியல்தான் மிச்சமிருக்கும். இரண்டாவதில் வாங்குபவர் விலை கேட்பார், எல்லோரும் ஒரே கெடுவை நோக்கி ஓடுவதால் செப்டம்பரில் அந்த விலை ஏறும். மூன்றாவதில் எதிராளி சம்மதிக்க வேண்டும், அவருக்கு ஒரு லாபமும் இல்லை. போதாததற்கு, மே 8 அன்று ரிசர்வ் வங்கி கிளியர் செய்யாத டெரிவேட்டிவ்களுக்கு (ஸ்வாப் போன்ற ஒப்பந்தங்களுக்கு) மார்ஜின் விதிகளை வெளியிட்டிருக்கிறது. இருதரப்பாக்குமுன் அதைப் படியுங்கள்.

ஹெட்ஜ் கணக்கியலையும் மறக்க வேண்டாம். ஒப்பந்தத்தின் எதிர்த்தரப்பு மாறினால் ஹெட்ஜ் உறவு முறிந்ததாகத் தணிக்கையாளர் சொல்லக்கூடும், அப்போது அந்தக் காலாண்டு லாப நட்டத்தில் தெரியும். ஆகஸ்டிலேயே அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கெடு நீட்டுவார்கள் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நீட்டினால் நல்லது. ஆனால் நீட்டிய அறிவிப்பு வரும் வரை கெடு அக்டோபர் 31 என்றே வைத்து ட்ரெப்ஸ் வரம்பையும் 'கால் மணி' சந்தை வரம்பையும் இப்போதே பேசி வையுங்கள். ஸ்வாப்பைவிட அதுதான் முதல் நாளே கையைக் கடிக்கும்.